எட்டு இசைத்தட்டுகளும் எழுதி வாசித்த உரையாடலும்

1942 ஜனவரி 29 அன்று பிபிசி வானொலியில் ‘டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்’ என்னும் நிகழ்ச்சி தொடங்கிற்று. ஆளில்லாத் தீவொன்றில் தனித்திருக்க நேர்ந்தால் எந்த எட்டு இசைத்தட்டுகள் உடனிருக்க வேண்டும் என்று விருந்தினரைக் கேட்பதே அதன் அமைப்பு. உருவாக்கி நடத்தியவர் ராய் பிளம்லி. முதல் விருந்தினர் விக் ஆலிவர்.

பாட்டும் நீண்ட பேச்சும் கலந்த வானொலி வடிவத்திற்கு இதனை முன்மாதிரியாகச் சுட்டுவர். ஆயினும் தொடக்க ஆண்டுகளில் அவ்வுரையாடல் உண்மையில் உரையாடலே அன்று. போர்க்காலத் தணிக்கை காரணமாகக் கேள்வியும் விடையும் முன்கூட்டியே எழுதப்பெற்றன. இருவரும் தாளைப் பார்த்து வாசித்தனர். (இடையில் வரும் சிரிப்பும் எழுதி வைத்ததுதானோ என்று கேட்கத் தோன்றுகிறது.) அத்தகைய பேச்சினூடே விருந்தினரின் மெய்முகம் தெரிந்த இடம் பாட்டுத் தேர்வாகவே இருந்திருக்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம். சொல்லை ஒப்பனை செய்வது எளிது. எட்டுப் பாடல்களை அவ்வாறு செய்வது அத்துணை எளிதன்று.

1951இல் இன்பப் பொருள் ஒன்றும் அனுமதிக்கப்பட்டது. நடிகை சாலி ஆன் ஹவ்ஸ் கேட்டது பூண்டு!

அந்த முதற்காலக் குரல்களை இன்று நாம் கேட்க இயலாது. எஞ்சியுள்ள பதிவுகளுள் பழமையானது 1951இல் நடிகை மார்கரெட் லாக்வுட் பங்கேற்றது. அதற்கு முந்தையோர் தேர்ந்த பாடல்களின் பட்டியல் கிடைக்கிறது. அவற்றைப் பற்றிப் பேசிய குரல் கிடைக்கவில்லை. பிற்காலத்துப் பதிவுகளிலும் பல தொலைந்தன. அவற்றுள் 90க்கும் மேற்பட்டவை 2022இல் ஒலிநாடாச் சேகரிப்பாளர் ஒருவரின் முயற்சியால் மீண்டன.