முத்துக்கு முதல் பிளாங்டன்

மன்னாரில் அரிப்புப் பக்கம் போனவர்கள் கடற்கரையில் இடிந்துபோய் நிற்கிற டொரிக் மாளிகையைப் பார்த்திருப்பீர்கள். முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய ஆளுநர் நோர்த் கட்டியது. வெள்ளைக்காரன் முத்தை அள்ளிக்கொண்டு போனான் எண்டுதான் நாங்கள் வழமையாகக் கதைப்போம். சரிதான். ஆனால் அந்தக் கதையில் கடலின் பங்கை யாரும் சொல்வதில்லை.

முத்துச்சிப்பி இரை தேடி ஓடாது. கடலடிப் பாரில் ஒட்டியபடி தண்ணீரை வடித்து, அதில் மிதந்துவரும் பிளாங்டன் எனும் நுண்ணுயிர்களைத் தின்னும். அதன் குஞ்சும் முதலில் பிளாங்டன்தான். நீரோட்டம் கொண்டுபோகிற இடத்துக்குப் போகும். பார் கிடைத்தால் ஒட்டும், வெறும் மணல் எண்டால் சாகும். ஒட்டினதையும் கிளாத்தியும் திருக்கையும் தின்னும்.

1892 முதல் 1902 வரை முத்துக்குளிப்பே நடக்கவில்லை. காரணம் தேட லிவர்பூல் பேராசிரியர் ஹேர்ட்மனை அரசு அழைத்தது. அவரும் ஹோர்னலும் 1902 மார்ச்சில் பெரிய பாரில் இளஞ்சிப்பிகள் குவிந்து கிடந்ததைக் கண்டார்கள். நவம்பரில் அவை இல்லை. சிப்பிக்குள் இருக்கும் நாடாப்புழுக் குஞ்சைச் சுற்றித்தான் முத்து விளைகிறது, சிப்பியைத் தின்னும் மீன்கள் வழியாக அந்தப் புழு திருக்கையில் வளர்கிறது எண்டும் ஹேர்ட்மன் வாதிட்டார். பின்வந்த ஆய்வாளர்கள் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. ஆனாலும் சிப்பியைத் தனியாகப் பார்க்காமல், அது எதைத் தின்கிறது, அதை எது தின்கிறது எண்டு கேட்டது பெரிய விசயம்.

1903இல் சிப்பி திரும்பியது. 1905இல் மட்டும் 8 கோடிக்கு மேல் அள்ளினார்கள். அந்த உற்சாகத்தில் 1906இல் ஒரு லண்டன் கம்பனி, வருடம் 3,10,000 ரூபாய்ப்படி 20 வருடக் குத்தகைக்குப் பார்களை எடுத்தது. 1907க்குப் பிறகு குளிக்கச் சிப்பி இல்லை. பெரியதுகளை அள்ளி முடிய, அந்த இடத்தை நிரப்பப் புதுக்குஞ்சு போதியளவு தரிக்கவில்லை. 1912இல் கம்பனி மூடப்பட்டது. சிப்பியில் மூன்றிலொரு பங்கைக் கூலியாக நம்பி வந்த தமிழ், முஸ்லிம், அரபுக் குளியாளிகளுக்கும் அந்தப் பிழைப்பு போனது. அடுத்த முத்துக்குளிப்பு 1925இல்தான்.

குத்தகைக்காரர் பாரை வயல்போல நினைத்தார்கள். விதைப்பது நீரோட்டம், உரம் பிளாங்டன் எண்டது கணக்கில் வரவில்லை. 2017இல் இழுவைமடி எங்கள் நாட்டில் தடைசெய்யப்பட்டது. இண்டைக்கும் மன்னார்க் கடலில் அது ஓடுகிறது. எத்தனை கிலோ மீன் போச்சு எண்டு கேட்கிறம். குஞ்சு ஒட்டுகிற அடித்தளம் எவ்வளவு போச்சு எண்டும் கேட்க வேணும்.