மடிந்த காதும் முடங்கிய காலும்: ஸ்காட்டிஷ் ஃபோல்டு பூனையினத்தின் வரலாறு

1961-ஆம் ஆண்டு. ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர் பகுதியில், கூப்பர் ஆங்கஸ் என்ற சிற்றூரை அடுத்த பண்ணையொன்றில் ஒரு வெள்ளைப் பெண்பூனை இருந்தது. அதன் காதுகள் முன்புறமாக மடிந்து தலையோடு படிந்திருந்தன. அக்கம்பக்கத்தில் ஆடு மேய்த்துவந்த வில்லியம் ராஸ் அதைக் கண்டு வியந்தார். சூசி என்ற அந்தப் பூனை ஈன்ற மடிந்த காதுக் குட்டி ஒன்றை அவரும் அவர் மனைவி மேரியும் பெற்று, ஸ்னூக்ஸ் என்று பெயரிட்டு வளர்த்தார்கள். இன்று உலகெங்கும் ஸ்காட்டிஷ் ஃபோல்டு என்று விற்கப்படும் பூனைகளின் மூதாதை சூசிதான். தற்செயலாக நேர்ந்த ஒரு மரபணுப் பிறழ்வு எவ்வாறு ஓர் இனமாக்கப்பட்டது, அதனுள் இருந்த நோய் எப்போது தெரியவந்தது, தெரிந்த பின்னும் இனவிருத்தி ஏன் நிற்கவில்லை என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

ராஸ் தம்பதியருக்கு மரபியல் அறிந்த பாட் டர்னர் துணைநின்றார். மடிந்த காதுப் பூனைகளைப் பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் போன்ற நேர்காதுப் பூனைகளோடு இணைசேர்த்தார்கள். முதல் மூன்று ஆண்டுகளில் 76 குட்டிகள் பிறந்தன. 42-க்குக் காது மடிந்தது, 34-க்கு நிமிர்ந்தே நின்றது. ஏறத்தாழ பாதிக்குப் பாதி. மடிந்த காது ஓங்கு பண்பு என்பதற்கு இதுவே சான்றாயிற்று: தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து அந்த மரபணு வந்தாலே போதும், காது மடிந்துவிடும். பிறக்கும்போது எல்லாக் குட்டிகளுக்கும் காது நேராகவே இருக்கும். மூன்று, நான்கு வாரங்களில்தான் எது மடியும் எது மடியாது என்று தெரியும்.

எதிர்ப்பும் விரைவிலேயே எழுந்தது. பிரிட்டனின் முதன்மையான பூனைப் பதிவமைப்பு 1970-களின் தொடக்கத்தில் இந்த இனத்தைப் பதிவேட்டில் சேர்ப்பதை நிறுத்தியது. காதுப் பூச்சியும் செவிட்டுத்தன்மையும் வரும் என்பதே அப்போது பேசப்பட்ட அச்சம். உண்மையான கேடு வேறிடத்தில் இருந்தது. கால்நடை மருத்துவர் ஆலிஃபன்ட் ஜாக்சன் 1975-இல் அதை எழுத்தில் வைத்தார். தடித்து விறைத்த வால், குட்டையான கால்கள், இயல்பாக மடங்காத மூட்டுகள் எனப் பூனைகளின் எலும்புகளிலேயே பிறவிக் குறை இருப்பதை அவர் காட்டினார். மடிந்த காதுள்ள இரண்டை இணைசேர்த்தால், பிறக்கும் குட்டிகளில் சராசரியாக நான்கில் ஒன்று அந்த மரபணுவை இரு பக்கமிருந்தும் பெறும். அத்தகைய குட்டிகள் சிறுவயதிலேயே முடமாயின.

பிரிட்டனில் கதவு அடைபட்டது. அமெரிக்காவில் ஏற்கெனவே ஒரு கதவு திறந்திருந்தது. 1970-இல் மாசச்சூசெட்ஸில் பிறழ்வுகளை ஆய்ந்துவந்த நீல் டாட், ஸ்னூக்ஸின் குட்டிகள் மூன்றை வரவழைத்திருந்தார். அவற்றில் ஹெஸ்டர் என்பது பென்சில்வேனியாவைச் சேர்ந்த சாலி வுல்ஃப் பீட்டர்ஸ் என்ற வளர்ப்பாளரிடம் போய்ச் சேர்ந்தது. அவரது முயற்சியால் இனம் வேரூன்றியது. 1978-இல் அமெரிக்கப் பூனைப் பதிவமைப்பு இதைப் போட்டிகளில் முழுத் தகுதியோடு ஏற்றுக்கொண்டது. ஒரு நாட்டின் பதிவேடு தள்ளியதை இன்னொரு நாட்டின் பதிவேடு ஏற்றதால்தான் இந்த இனம் பிழைத்தது. என் பார்வையில் இந்த வரலாற்றின் திருப்புமுனை இதுவே.

அமெரிக்க வளர்ப்பாளர்கள் நோயை அறியாமல் இல்லை. மடிந்த காதை மடிந்த காதோடு சேர்க்காதீர்கள், நேர்காதோடு மட்டும் சேருங்கள் என்று விதி வகுத்தார்கள். ஒற்றை மரபணு மட்டும் இருந்தால் பூனைக்குத் தீங்கில்லை என்று நம்பினார்கள். நல்லெண்ணத்தில் எழுந்த விதிதான். கடுமையாக முடமான குட்டிகளின் எண்ணிக்கையையும் அது குறைத்தது. ஆனால் அதன் அடிப்படை நம்பிக்கை பொய்த்துப்போனது. 1999-இல் ரிச்சர்ட் மாலிக்கும் உடனாய்வாளர்களும் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவ ஆய்விதழில் தம் முடிவுகளை வெளியிட்டார்கள். நொண்டாமல் நடமாடிய பூனைகளையும் அவர்கள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருந்தார்கள். காது மடிந்த பூனைகளின் எலும்புகளில் கூடியோ குறைந்தோ நோயின் அடையாளம் இருந்தது. மடிந்த காதுப் பூனைகளை இனவிருத்திக்குப் பயன்படுத்தவே வேண்டாம் என்பது அவர்கள் பரிந்துரை.

இதற்கான உயிரியல் காரணம் 2016-இல் தெளிவானது. மிசூரி பல்கலைக்கழகத்தின் லெஸ்லி லயன்ஸ் உள்ளிட்ட குழு, டிஆர்பிவி4 என்ற மரபணுவில் அந்தப் பிறழ்வைக் கண்டறிந்தது. குருத்தெலும்புச் செல்களுக்குள் கால்சியம் நுழையும் வாயிலை அமைக்கும் மரபணு இது. மனிதரில் இதே மரபணு பழுதானால் சிலவகை எலும்பு வளர்ச்சி நோய்கள் வருகின்றன. காதை நிமிர்த்தி நிறுத்துவது குருத்தெலும்பு. அது வலுவிழப்பதால் காது சாய்கிறது. கால், வால், விரல் எலும்புகள் வளர்வதும் குருத்தெலும்பிலிருந்துதான். ஆகவே காதை மட்டும் மடித்து மூட்டை விட்டுவைக்கும் ஸ்காட்டிஷ் ஃபோல்டை எந்த வளர்ப்பாளராலும் உருவாக்க முடியாது. நாம் அழகென்று கொண்டாடும் காதே நோயின் முதல் அறிகுறி.

நோய் முற்றிய பூனையின் பின்னங்காலைத் தொட்டுப் பார்த்தால் கணுக்காலுக்குக் கீழே கல்போன்ற எலும்புப் புடைப்பு கைக்குத் தட்டுப்படும். மூட்டுகள் ஒன்றோடொன்று இறுகி ஒட்டிக்கொள்ளும். வால் அடியில் தடித்து வளையாது. விரல்கள் குறுகி நகம் கோணலாக வளரும். அலமாரி மேல் தாவிய பூனை நாற்காலியில் ஏறவும் தயங்கும். வலிநிவாரணி, கதிர்வீச்சு, மூட்டை அசையாமல் இணைக்கும் அறுவை ஆகியவை துன்பத்தைத் தணிக்கும். நோயைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது.

இனத்தை ஆதரிப்போர் முன்வைக்கும் வாதம் ஒன்றை நேர்மையாகக் கேட்க வேண்டும். பல பூனைகள் நொண்டாமல் வாழ்ந்து முடிக்கின்றனவே என்கிறார்கள். நோயின் கடுமை பூனைக்குப் பூனை வேறுபடுவது உண்மை. ஆனால் பூனை வலியை மறைக்கும் விலங்கு. ஓடாமல் ஒரே இடத்தில் அமர்ந்திருப்பதைச் சாந்த குணம் என்று வீட்டார் எண்ணிக்கொள்ளலாம். எந்தக் குட்டிக்கு நோய் லேசாக வரும், எதற்குக் கடுமையாக வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் சோதனையும் வளர்ப்பாளர் கையில் இல்லை. மனிதரின் கண்ணுக்கு இதமான ஒரு தோற்றத்துக்காக, எந்தப் பயனும் பெறாத உயிரின் மேல் வாழ்நாள் வலியைச் சுமத்துவதற்கு அறவியல் நியாயம் எதையும் நான் காணவில்லை.

சட்டம் மெல்லத்தான் நகர்ந்தது. வளர்ப்பு விலங்குகள் பற்றிய 1987-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒப்பந்தம், இணைசேர்ப்பவர் குட்டிகளின் நலனுக்கும் பொறுப்பு என்றது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதி 2021-இல் இந்த இனத்தின் இனவிருத்தியையும் விற்பனையையும் தடைசெய்தது. நெதர்லாந்தில் இனவிருத்தித் தடை 2014 முதலே உண்டு. வெளிநாட்டிலிருந்து வாங்கிவர வழியிருந்ததால் அது போதவில்லை. எனவே 2026 ஜனவரி 1 முதல் மடிந்த காதுப் பூனையைப் புதிதாக வைத்திருப்பதே அங்கு குற்றம். அதற்கு முன் பிறந்து, அடையாளச் சில்லு பொருத்தப்பட்ட பூனைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. வாங்குபவரையும் பொறுப்பாளியாக்கும் இந்த அணுகுமுறையே சரியானது. ஏனெனில், பதிவேடு மாற்றிப் பிழைத்த இனம் நாடு மாற்றியும் பிழைக்கும்.

ஒரே ஈற்றில் பிறக்கும் நேர்காதுக் குட்டிகளிடம் அந்தப் பிறழ்வு இல்லை. வட்ட முகமும் பெரிய கண்ணும் அவற்றுக்கும் உண்டு. பூனை வளர்க்க விரும்புவோர் அவற்றை எடுக்கலாம். தெருவில் பிறந்த குட்டியையும் எடுக்கலாம். மடிந்த காதுப் பூனை ஏற்கெனவே வீட்டில் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டி மூட்டுகளை எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். ஏற எளிதாகப் படி வைத்துக் கொடுங்கள், அதை இணைசேர்க்காதீர்கள். புதிதாக ஒன்றை விலைகொடுத்து வாங்காதீர்கள்.