முடிவு தெரிந்த கதையை விடிய விடியப் பார்த்தவர்கள்

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் 18 நாள் விழாவில் பாரதக் கதை மேடையை விட்டு ஊருக்குள் இறங்கிவிடுகிறது. பாண்டவர் வேடம் புனைந்தவர்கள் தெருக்கள் வழியே வனவாசம் போகிறார்கள். அருச்சுனன் பாசுபதம் வேண்டித் தவநிலைக்குப் போகிறான். நிறைவில் தீமிதிப்பு. கல்முனைக்கு வடக்கே கடலோரமாகக் கிடக்கும் இந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு, எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதுக்குள் அந்தக் கதையின் முடிவு தெரிந்துவிடும். துரியோதனன் தோற்பான், திரௌபதையின் கூந்தல் முடியப்படும். அதில் யாருக்கும் ஐயம் இல்லை. ஆகவே அங்கே கூடுபவர் என்ன நடக்கும் என்று அறிய வருவதில்லை. இந்த முறை எப்படி நடக்கிறது என்று பார்க்க வருகிறார். அறிவியல் புனைவுத் தொடர்களையும் விசித்திரமான படங்களையும் பார்த்துவிட்டு இன்று ரசிகர்கள் கருத்து மோதிக்கொள்ளும் பழக்கத்துக்கு இலங்கையின் கிழக்குக் கரையில் ஒரு பழைய வேர் உண்டென்றால், அது இந்தப் பார்வையில்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

இந்த ரசிகப் பழக்கத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் வழக்கமாக அமெரிக்காவில் தொடங்குவார்கள். 1966இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொடரை நிறுத்திவிடுவார்கள் என்ற பேச்சு எழுந்தபோது ரசிகர்கள் கடிதங்களைக் குவித்தார்கள். தொடர் மூன்றாம் பருவம் கண்டது, 1969இல் 79 பகுதிகளோடு நின்றது. நின்ற பிறகுதான் விவாதம் வளர்ந்தது. இந்தப் பகுதியில் சொன்ன விதி அந்தப் பகுதியில் ஏன் மீறப்பட்டது, பின்னால் வந்த புதிய வடிவம் பழையதற்கு உண்மையாக இருக்கிறதா, இந்த நடிகர் அந்தப் பாத்திரத்துக்குப் பொருத்தமா என்று கேட்டார்கள். இந்தக் கேள்விகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அவற்றுள் அறிவியலைப் பற்றியவை சிலவே. பெரும்பாலானவை, தெரிந்த ஒரு கதையுலகத்தை ஒருவர் மறுபடி நிகழ்த்தும்போது அவர் அதற்கு நியாயம் செய்தாரா என்பதைப் பற்றியவை.

அதே கேள்விகள் மட்டக்களப்புக் கூத்தில் முறையாகவே இடம்பெற்றிருந்தன. அண்ணாவியார் மாதக்கணக்கில் ஆட்டமும் பாட்டும் பழக்குவார். ஊர்ப் பெரியவர்கள் கூடி யாருக்கு எந்தப் பாத்திரம் என்று தீர்த்து, அவரவர் பாடவேண்டிய பகுதியான சட்டத்தைக் கொடுப்பார்கள். பிறகு சதங்கை அணி விழா, அடுக்குப் பார்த்தல், கடைசியாகக் களரி என்னும் ஆடுகளத்தில் அரங்கேற்றம். அடுக்குப் பார்த்தல் என்பதே முழுக் கூத்தையும் அரங்கேற்றுமுன் ஆடிச் சரிபார்ப்பதுதான். கூத்தின் இரு வகைகளுள் வடமோடியில் பெரும்பாலும் இதிகாசப் போர், தென்மோடியில் பெரும்பாலும் காதலும் மணமும். ஆட்டம் வேறு, பாடும் முறை வேறு, உடுப்பு வேறு. வட்டக் களரியைச் சுற்றி நாலாபக்கமும் அமர்ந்து, பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை பார்த்தவர்கள் பல மாதப் பழக்கத்தை ஏற்கெனவே கண்டவர்கள். ஆடுபவன் அண்டைவீட்டுக்காரன். தாளம் தப்பினால் அது கூட்டத்துக்குத் தெரியும். மறுநாள் வயலிலும் வாடியிலும் அது பேச்சாகும். மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்த சி. மௌனகுரு கூத்தை ஆடுபவரின் கலையாக மட்டும் பார்க்காமல், அதை நடத்தும் சமூகத்தோடு சேர்த்துப் பார்த்தார். நானும் அந்த வழியிலேயே, களரியைச் சுற்றி இருந்தவர்களைக் கலையின் ஒரு பகுதியாகக் கொள்கிறேன்.

பக்தியையும் ரசனையையும் குழப்பலாமா என்று கேட்பார்கள். விரதமிருந்து தீமிதிப்பவரை ரசிகர் என்பது அவரை இழிவுபடுத்துவதாகும். அது எனக்கும் உடன்பாடில்லை. தீக்குழியின் முன் மதிப்பீட்டுக்கு இடமில்லை. ஆனால் கோயிலில் கதையாக நம்பப்படுவதே களரியில் கலையாக எடைபோடப்பட்டது, அதே மனிதர்களால். இதற்கு உறுதியான சான்று 1960களின் கூத்துச் சர்ச்சை. சரச்சந்திரவின் 'மனமே' 1956இல் சிங்கள நாடகத்துக்குத் திறந்த வழியைக் கண்ட பேராசிரியர் சு. வித்தியானந்தன், பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' என்று வடமோடியைப் புதிதாக மேடையேற்றினார். இரவு முழுவதும் ஆடியது ஓரிரு மணி நேரமாகச் சுருங்கியது. வட்டக் களரி படச்சட்ட மேடையானது. படித்த நகரத்தார் முதன்முறையாகக் கூத்தைப் பெருமையோடு பார்த்தார்கள், அது சிறிய சாதனை இல்லை. மறுபக்கம், ஊரிலிருந்தும் சடங்கிலிருந்தும் கூத்தைப் பெயர்த்தெடுத்தால் மிஞ்சுவது என்ன என்ற கேள்வி எழுந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் சி. ஜெயசங்கர் மட்டக்களப்பின் சீலாமுனையில் ஊராரோடு சேர்ந்து செய்த கூத்து மீளுருவாக்கம் அந்தக் கேள்வியின் தொடர்ச்சிதான். பழைய தொடருக்குப் புதிய வடிவம் வரும்போது ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்பதை உலகம் கண்டிருக்கிறது. அந்தப் பிரிவை இக்கரை வேடிக்கைப் பொருளாக நடத்தவில்லை. நூல்களும் களரிகளுமாக அரை நூற்றாண்டு நடத்தியது. அதில் எனக்கு உண்மையான மதிப்பு உண்டு.

அறிவியல் புனைவு அறிவியலைச் சார்ந்தது, புராணம் நம்பிக்கையைச் சார்ந்தது, இரண்டையும் ஒரு தட்டில் வைக்கலாமா என்பது இதைவிடக் கனமான மறுப்பு. புஷ்பக விமானத்தை ஆகாயக் கப்பலென்றும் அஸ்திரங்களை அணுகுண்டென்றும் சொல்லும் பேச்சை நான் முற்றாக மறுக்கிறேன். அது அறிவியலுக்கும் இலக்கியத்துக்கும் ஒருசேரக் கேடு. நான் சொல்வது கதைகளின் உள்ளடக்கத்தை அல்ல, பார்ப்பவரின் பயிற்சியை. 1957இல் வந்த 'மாயாபஜார்' படத்தை எடுத்துக்கொள்வோம். அபிமன்யுவுக்கும் பலராமன் மகளுக்கும் காதல் என்ற அந்தக் கதை வியாச பாரதத்தில் இல்லை. பாரதம் அறிந்த கூட்டம் அதை ஏற்றது, காரணம் கடோத்கசன் கடோத்கசனாகவே இருந்தான். அவன் மணப்பெண்ணாக உருமாறும் காட்சிகளில் சாவித்திரி நடித்தபோதும் உள்ளே இருப்பது அவன்தான் என்று நடையிலும் முறைப்பிலும் தெரிந்தது. அதே படத்தில் ஒரு பெட்டி வருகிறது. திறந்தால் மனத்துக்கு இனியவர் தெரிவார், பேசவும் பேசுவார். இலங்கையில் தொலைக்காட்சி நிலையம் தோன்ற இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் இருந்த காலம் அது. 1963இல் ஏ. காசிலிங்கம் இயக்கிய 'கலை அரசி'யில் வேற்றுக்கிரகத்தார் பூமிக்கு வந்து பாட்டுக்காரி பானுமதியைக் கடத்துகிறார்கள், அவர்கள் உலகில் இசை இல்லையாம். பின்தொடர்ந்து எம்.ஜி.ஆர் அங்கே போகிறார். அறிவியலாகப் பார்த்தால் அது நிற்காது. கூத்துப் பார்த்த கண்ணுக்கு அது புதிதே இல்லை. பெண்ணைக் கவர்ந்து வேற்றுலகம் கொண்டுபோனவனிடமிருந்து மீட்கும் கதை எத்தனை களரி கண்டது! ஆக, அந்தப் படத்தைப் பற்றிய நேர்மையான குறை அறிவியல் போதாமை அல்ல. ஒரு புதிய உலகத்தைத் திறந்துவிட்டு அதற்கென்று சொந்த விதி எதையும் வகுக்காமல் விட்டதுதான். இந்தக் குறையைக் காணப் பௌதிகம் தேவையில்லை, கதைப் பழக்கம் போதும்.

தொலைக்காட்சியின் வருகையும் இந்தத் தீவில் அறிவியல் புனைவோடு பின்னியது. 1945இல் செய்மதிகள் வழியே ஒலி, ஒளி பரப்பலாம் என்று எழுதிய ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் இங்கே வாழ்ந்தார். இந்தியா 1975இல் ஊர்களுக்குச் செய்மதிக் கல்வி ஒளிபரப்பைச் சோதித்தபோது, கொழும்பில் அவர் வீட்டிலும் இந்தியப் பொறியியலாளர்கள் ஓர் அலைவாங்கியைப் பொருத்தினார்கள். நாட்டுக்குச் சொந்த நிலையம் 1979இலும், ரூபவாஹினி 1982இலும்தான் வந்தன. வடகிழக்கில் அப்போது பரவலாக இருந்த அனுபவம் இன்னொன்று: தொலைக்காட்சிப் பெட்டி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, விடியும்வரை மூன்று நான்கு படம் ஓட்டுவது. உள்நாட்டுப் போர் இறுகி இரவுக் கூட்டங்கள் அச்சத்துக்குரியவையாக மாறியதால் களரிகள் பல வெறிச்சோடின. 2004 ஆழிப்பேரலை பாண்டிருப்புக் கரையையும் அழித்துச் சென்றது. மரபு அறுந்துவிட்டது, இனி எந்தத் தொடர்ச்சியைப் பேசுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டால், ஆட்டத்தின் தொடர்ச்சி பல இடங்களில் அறுந்தது உண்மை என்றே சொல்வேன். பார்வையின் தொடர்ச்சி அப்படி அறவில்லை. முற்றத்தில் இரவு முழுக்க உட்கார்ந்து, பார்த்த படத்தையே மறுபடி பார்த்து, காட்சி காட்சியாகப் பிரித்துப் பேசிய பழக்கம் களரியின் நேர்வாரிசு.

கடைசியாக ஒரு மறுப்பு. பாண்டிருப்பைத் தாண்டினால் நெசவுக்குப் பேர்போன மருதமுனை. இந்தப் பக்கம் கல்முனை. இவற்றின் முஸ்லிம் மக்களுக்குத் திரௌபதையும் களரியும் வேர் ஆகுமா? ஆகாது; அவர்களுக்கு வேறு வேர் உண்டு. 1572இல் அரங்கேறிய 'ஆயிரம் மசலா' தமிழில் முழுதாகக் கிடைக்கும் பழைய இஸ்லாமியப் பெருநூல். படைப்பையும் வானங்களையும் மறுமையையும் பற்றிக் கேள்விமேல் கேள்வி தொடுத்து விடை பெறும் அமைப்பு அதற்கு. வியப்பைச் சோதித்துப் பார்க்கும் மனம் அதன் கேள்வியாளனிடம் இருக்கிறது. கண்டியின் சித்தி லெப்பை 1885இல் வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை' எகிப்தையும் இந்தியாவையும் தொட்டு அலையும் சாகசக் கதை. இலங்கைத் தமிழ் நாவலே அதிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. இரண்டு சமூகங்களும் வெவ்வேறு வாசலால் அற்புதக் கதைக்குள் நுழைந்து, ஒரே திரையின் முன் வந்து சேர்ந்தன. 2015இல் வெளிவந்த 'இன்று நேற்று நாளை' படத்தின் கால இயந்திரம் தன் விதியைக் கடைசிவரை காத்ததா என்று கல்முனையில் இரண்டு இளைஞர் வாதிட்டால், ஒருவர் பின்னால் களரியும் மற்றவர் பின்னால் மசலாவும் நிற்கக்கூடும்.

இந்த வாதத்தில் எனக்குள்ள ஒரே ஆதங்கம் சான்றின் ஒருபக்கச் சாய்வு. அண்ணாவியார்களின் பெயர்களும் ஏட்டுப் பாடல்களும் தாளக்கட்டுகளும் ஆய்வாளர் உழைப்பால் நூலேறிவிட்டன. எதிரே அமர்ந்து எடைபோட்டவர்களின் பேச்சு மிகச் சொற்பமே எழுதப்பட்டிருக்கிறது. 1960களின் களரிகளை இளவயதில் கண்டவர்கள் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். எந்த ஊர்க் கர்ணனை எந்த ஊர்க் கர்ணனோடு ஒப்பிட்டுச் சண்டை பிடித்தீர்கள், எந்த மாற்றத்தை ஏற்க மறுத்தீர்கள், ஏன் என்று அவர்களிடம் கேட்டுப் பதிய இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. பெரியநீலாவணையில் தொடங்கிக் கல்முனைவரை வீடு வீடாகப் போய்ச் செய்யவேண்டிய வேலை அது.