இரு பேரரசுகளுக்கு இடையே கங்க நாடு

பாகூர் மூலநாதர் கோயிலில் இராட்டிரகூட வேந்தன் மூன்றாம் கிருஷ்ணனின் கல்வெட்டுகள் உள்ளன. கச்சியையும் தஞ்சையையும் கொண்ட கன்னரதேவன் என அவை அவனைக் குறிக்கின்றன. மான்யகேடத்து மன்னனின் ஆணை இக்கடலோர ஊர் வரை எட்டியதற்குத் துணைநின்றது, சமணம் போற்றிய ஒரு சிறு நாட்டின் நட்பு. அதுவே தலக்காட்டு மேலைக் கங்க நாடு.

வடக்கே இராட்டிரகூடர், தெற்கே சோழர். இடையே தனித்து நிற்பது கங்கருக்கு அரிதாயிற்று. ஆகவே இரண்டாம் பூதுகன், கிருஷ்ணனின் உடன்பிறந்தாள் ரேவகநிம்மடியை மணந்து உறவு கொண்டான். 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் அவனால் மாண்டான். வனவாசி பன்னீராயிரம் முதலிய நாடுகள் பூதுகனுக்குப் பரிசாகக் கிடைத்தன.

ஆயினும் ஒரே பேரரசைப் பற்றிய கொடி, அம்மரம் சாய்ந்தபோது தானும் சாய்ந்தது. 973இல் இரண்டாம் தைலபன் இராட்டிரகூடர் ஆட்சியை வீழ்த்தினான். பூதுகன் மகன் மாரசிம்மன், தன் மருமகன் நான்காம் இந்திரனை அரியணையேற்ற முயன்றான், அம்முயற்சி நிலைக்கவில்லை. பங்காபுரத்தில் அஜிதசேன ஆசாரியர் திருமுன் மாரசிம்மன் சல்லேகனை ஏற்றான். இந்திரனும் 982இல் சிரவணபெளகுளத்தில் அந்நெறியே மேற்கொண்டான். 1004ஆம் ஆண்டளவில் தலக்காடு சோழர் வசமாயிற்று.

அரசு மறைந்தது, அறம் மறையவில்லை. கங்க அமைச்சர் சாமுண்டராயர் எழுப்பிய கோமடேசுவரர் இன்றும் நிற்கிறார். கங்கரை வென்ற சோழர் குலத்து நங்கையின் பெயராலேயே திருமலையில் குந்தவை ஜினாலயம் விளங்குகிறது. அரியணையின் நட்பு நாட்டைச் சில தலைமுறைகள் காத்தது. இல்லறத்தாரின் தானமும் துறவியரின் தவமுமே சமயத்தை ஆயிரம் ஆண்டு காத்து வந்துள்ளன.