பியோங்யாங்கின் ஜனவரி இரவுகள்



தேசத்திலோ சபையிலோ நெருக்கம் உண்டாகும்போது நம்முடைய ஜெபங்கள் எந்தத் திசையை நோக்கிச் செல்கின்றன என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் அவை வெளிப்புறமாகவே செல்கின்றன. ஆளுகிறவர்களின் இருதயத்தை மாற்றும் என்றும், எதிர்க்கிறவர்களின் கையைத் தடுத்து நிறுத்தும் என்றும் மன்றாடுகிறோம். அப்படி மன்றாடுவது தவறல்ல. ஆயினும் தானியேல் 9ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். எருசலேம் பாழாய்க் கிடக்கிறது; ஜனங்கள் சிறையிருப்பில் இருக்கிறார்கள். பாபிலோனின் கொடுமைகளைப்பற்றித் தேவனிடத்தில் முறையிட அந்த மனிதனுக்கு எத்தனையோ நியாயம் இருந்தது. அவனோ இரட்டுடுத்திச் சாம்பலில் உட்கார்ந்து, "நாங்கள்" என்று தொடங்குகிறான்.

அந்த "நாங்கள்" என்னும் சொல்லைக் கற்றுக்கொண்ட ஒரு சபையின் வரலாற்றை இந்த வாரம் உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். அது கொரியாவின் பியோங்யாங் நகரத்துச் சபை. இன்று அந்தப் பெயரைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவது வேறு. நூற்றிருபது ஆண்டுகளுக்குமுன் மிஷனெரிகள் அந்நகரைக் கிழக்கின் எருசலேம் என்று அழைத்தார்கள்.

அக்காலத்துக் கொரியாவின் நிலையைச் சற்று நினைத்துப் பாருங்கள். 1894இல் சீனாவும் ஜப்பானும் மோதிக்கொண்டபோது பியோங்யாங்கே போர்க்களமாயிற்று. 1904இல் ஜப்பானும் ரஷ்யாவும் மோதின. அப்போதும் படைகள் நடந்து சென்றது கொரிய மண்ணின்மேல்தான். 1905 நவம்பரில் திணிக்கப்பட்ட ஓர் உடன்படிக்கையால் அந்நாடு தன் வெளியுறவு அதிகாரத்தை ஜப்பானிடம் இழந்தது. அவமானம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்ட அரச அதிகாரிகளும் உண்டு. சபையிலிருந்த வாலிபர்களின் உள்ளமும் கொதித்தது. கொதிப்பதற்குக் காரணமும் இருந்தது.

இந்தக் கொதிப்பின் நடுவே மனந்திரும்புதல் எங்கிருந்து தொடங்கிற்று என்பது கவனிக்கத்தக்கது. அது கொரியரிடமிருந்து தொடங்கவில்லை. 1903இல் வொன்சான் என்னும் துறைமுக நகரில், கனடா நாட்டு மருத்துவ மிஷனெரி ராபர்ட் ஹார்டி, தம் ஊழியம் கனியற்றுப் போனதற்குக் காரணம் கொரியரின் கடினமன்று, தம்முடைய பெருமையும் அவிசுவாசமுமே என்று உணர்ந்தார். அதைத் தம் அறைக்குள் தேவனிடம் மட்டும் சொல்லி முடித்துக்கொள்ளவில்லை. கொரிய விசுவாசிகளின் முன் எழுந்து நின்று, வெட்கத்தோடு வெளியரங்கமாய் அறிக்கையிட்டார். போதிக்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் தங்கள்முன் தலைகுனிந்ததை அந்த ஜனங்கள் அதற்குமுன் கண்டதில்லை. போதகரைக் குற்றம் சொல்லப் பலர் ஆயத்தமாயிருப்பார்கள். போதகர் தம்மையே குற்றம் சொல்லும்போதுதான் சபை அமைதியாகிறது.

1906இல் ஹோவர்ட் ஆக்னியூ ஜான்ஸ்டன் என்னும் அமெரிக்கப் போதகர் பியோங்யாங்குக்கு வந்தார். வேல்ஸ் தேசத்திலும், நம் நாட்டின் காசி மலைகளிலும் எழுந்த எழுப்புதலைப்பற்றி அங்கே எடுத்துரைத்தார். நம் மண்ணில் ஏறெடுக்கப்பட்ட ஜெபங்களின் செய்தி கொரியரின் பசியைத் தூண்டியது என்பதை நம்மில் எத்தனைபேர் அறிவோம்?

1907 ஜனவரியில், வேதபாட வகுப்புகளுக்காகச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஆண்கள் தங்கள் சொந்தச் செலவில், கடுங்குளிரில் நடந்து பியோங்யாங்குக்கு வந்தார்கள். மாலைக் கூட்டங்கள் சாங்தேஹியோன் ஆலயத்தில் நடந்தன. ஏறத்தாழ 1,500 பேர் கூடினார்கள். கூட்டத்தை நடத்திய கிரஹாம் லீ என்னும் மிஷனெரி ஜெபிக்க அழைத்தபோது, ஒருவர்பின் ஒருவராகப் பலர் ஜெபிக்கத் தொடங்கினர். அப்போது அவர், விரும்பினால் எல்லாரும் சேர்ந்தே ஜெபிக்கலாம் என்றார். ஆலயம் முழுவதும் ஒரே நேரத்தில் குரலெழுப்பிற்று. அது கூச்சலாக இல்லாமல், பல குரல்கள் ஒன்றாய் இசைந்ததுபோல இருந்தது என்று அங்கிருந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். கொரியர் இன்றும் "தோங்சோங் கிதோ" என்று அழைக்கும் ஜெபமுறை அந்நாட்களில்தான் அங்கே வேரூன்றியது. நம் சபைகளிலும் இன்று எல்லாரும் சத்தமிட்டே ஜெபிக்கிறோம். சத்தத்தைக் கற்றுக்கொள்வது எளிது. அந்தச் சத்தத்துக்குப்பின் அங்கே நடந்ததைக் கற்றுக்கொள்வதுதான் கடினம்.

ஒருவர்பின் ஒருவராக எழுந்து தங்கள் பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிட்டார்கள். பொதுவாகப் பாவிகள் என்று சொல்லிக்கொள்ள எவருக்கும் வெட்கமில்லை. திருடினேன் என்றும், இன்னாரைப் பகைத்தேன் என்றும் சொல்வதற்கே நா எழாது. மூப்பர் ஒருவர், தம் சக மூப்பரை மட்டுமல்ல, அருகில் நின்ற மிஷனெரி வில்லியம் பிளேயரையும் தாம் பகைத்துவந்ததாகச் சபையின்முன் சொன்னார். அந்தப் பகையைப்பற்றி பிளேயருக்கு அதுவரை எதுவும் தெரியாது.

கில் சன்-சூ என்னும் மூப்பரின் அறிக்கையை இன்றும் கொரியர் மறக்கவில்லை. அவர் சபையில் மிகவும் மதிக்கப்பட்டவர். அதிகாலை ஜெபத்தைத் தொடங்கி நடத்தியவர். மரித்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் தம் சொத்துகளை ஒழுங்குசெய்து மனைவியிடம் ஒப்படைக்கும்படி அவரை நம்பிக் கேட்டிருந்தார். அப்படிச் செய்கையில் அதில் ஒரு தொகையைக் கில் தமக்கென்று எடுத்துக்கொண்டார். சபையின்முன் அவர், ஆகான் நானே என்றார். யோசுவா 7ஆம் அதிகாரத்தில் கூடாரத்துக்குள் புதைத்து வைத்தவனின் பெயர் அது. ஜெபங்கள் தடைபட்டுக் கிடந்ததற்குக் காரணம் வேறெங்கும் இல்லை, தம்மிடத்திலேயே இருக்கிறது என்றார். அந்த விதவையிடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னார்.

கூட்டம் முடிந்தபின் பட்டணத்தில் நடந்ததையும் பிளேயர் பதிவுசெய்திருக்கிறார். மனிதர் வீடுவீடாய்ச் சென்று மன்னிப்புக் கேட்டார்கள். திருடிய பொருளையும் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். கிறிஸ்தவரல்லாதவர்களிடமும் சென்றார்கள். பல ஆண்டுகளுக்குமுன் தம்மை ஏமாற்றிப் பறித்த பெருந்தொகையைக் கிறிஸ்தவர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தபோது, சீன வியாபாரி ஒருவர் திகைத்து நின்றாராம். சகேயு அன்று வீட்டில் எழுந்து நின்று சொன்னது இங்கே தெருக்களில் நடந்தது.

இந்த இடத்தில் வரலாற்றை நிறுத்திவிட்டு, அதன்பின் தேசம் க்ஷேமமடைந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். 2 நாளாகமம் 7:14ஐ மேற்கோள் காட்டும் பிரசங்கங்கள் பல அப்படித்தான் முடிகின்றன. ஆனால் நடந்தது அதுவல்ல. அதே ஆண்டு ஜூலையில் கொரியப் பேரரசர் பதவியிறக்கப்பட்டார். அடுத்த மாதம் நாட்டின் படை கலைக்கப்பட்டது. 1910இல் கொரியா முழுவதையும் ஜப்பான் தன்னோடு இணைத்துக்கொண்டது. மனந்திரும்புதலைக் கொடுத்து விடுதலையை வாங்கிக்கொள்ளும் வியாபாரம் எதுவும் தேவனுடைய சமுகத்தில் இல்லை. பயத்தில் ஜெபிக்கத் தொடங்குகிற நமக்கு இது எளிதில் ஏற்கமுடியாத உண்மை.

வேறொரு குற்றச்சாட்டையும் நாம் நேர்மையோடு கேட்கவேண்டும். மிஷனெரிகள் மனந்திரும்புதலைப் பிரசங்கித்து, அடிமைப்பட்ட ஒரு ஜனத்தின் நியாயமான கோபத்தைத் தணித்துவிட்டார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. இதில் உண்மையே இல்லை என்று என்னால் சொல்லமுடியாது. ஜப்பானியரைப் பகைத்ததற்காகவும் கொரியர் மனந்திரும்பவேண்டும் என்று பிளேயரே எழுதியிருக்கிறார். ஒடுக்கப்படுகிறவனிடம் ஓர் அந்நியன் அப்படிச் சொல்வது எவ்வளவு எளிது! ஆனால் அந்த இரவுகள் கொரியரைக் கோழைகளாக்கவில்லை. 1919 மார்ச் 1 அன்று வெளியான விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்ட 33 பேரில் 16 பேர் கிறிஸ்தவர்கள். அவர்களில் ஒருவர் கில் சன்-சூ. அதற்காக அவர் சிறைக்கும் சென்றார். தன் பாவத்தைச் சபையின்முன் சொல்லத் துணிந்தவனைக் காவலரால் எதைக்காட்டிப் பயமுறுத்தமுடியும்?

அதே பியோங்யாங்கில் 1938 செப்டம்பரில் பிரஸ்பிட்டேரியன் சபையின் பொதுச்சபை கூடிற்று. ஷிண்டோ ஆலயத்தில் வணங்குவது மார்க்க வழிபாடல்ல, தேசியக் கடமையே என்று தீர்மானிக்கும்படி ஜப்பானிய அரசு நெருக்கியது. பிரதிநிதிகளின் நடுவே காவலர் உட்கார்ந்திருந்தனர். சம்மதிக்கிறவர்களின் குரலை மட்டும் கேட்டார்கள். எதிர்ப்பவர் உண்டா என்று கேட்கவேயில்லை. தீர்மானம் நிறைவேறிற்று. எழுப்புதல் கண்ட நகரம். முப்பத்தொரு ஆண்டுகள்கூட முழுதாய்க் கழிந்து அதிக நாளாகவில்லை. நேற்றைய கண்ணீரை இன்றைக்கென்று சேமித்துவைக்க முடியாது போலும். வணங்க மறுத்த சூ கி-சோல் என்னும் போதகர் பலமுறை சிறைப்பட்டு, 1944 ஏப்ரலில் பியோங்யாங் சிறையில் மரித்தார்.

அந்தத் தீர்மானத்தைப் பொதுச்சபை முறையாக ரத்துசெய்தது 1954இல். விடுதலை கிடைத்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. வணங்கியவர்களுக்கும் மறுத்துச் சிறைசென்றவர்களுக்கும் இடையே அதற்குள் சபையே பிளந்துபோயிருந்தது. ஆளுக்கொரு நியாயம் இருந்தது. 1907இல் கேட்ட குரல் மட்டும் இல்லை.

அந்தக் குரல் பின்னொருநாள் கேட்டது. சியோலில் யங்நாக் சபையை நிறுவிய ஹான் கியோங்-சிக் என்னும் போதகருக்கு 1992இல் டெம்பிள்டன் விருது வழங்கப்பட்டது. அவரைப் பாராட்டுவதற்காகத் தலைவர்கள் பலர் கூடியிருந்தார்கள். அப்போது அவருக்கு வயது 89. அவருடைய பழைய குற்றத்தைக் கேட்க அங்கே எவரும் வரவில்லை. அவர் எழுந்து நின்று, முதலில் தாம் ஒரு பாவி என்று அறிக்கையிட வேண்டியிருக்கிறது என்றார். ஷிண்டோ ஆலயத்தில் தாமும் வணங்கியதைச் சொன்னார்.