நீர்க்கரை ஊர்க்காட்சி ஓவியம்

ஆறு, ஏரிக் கரையில் அமைந்த ஊரை, தொலைவின் மங்கலும் நீரின் பிரதிபலிப்பும் புலப்படத் தீட்டும் ஓவிய வகை. ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரரின் மகன் வில்லியமும் 1792இல் தென்னிந்தியாவில் பயணம் செய்தனர். காவிரியிலிருந்து அவர்கள் கண்ட திருச்சி மலைக்கோட்டை, ‘ஓரியண்டல் சீனரி’ தொகுதியில் அச்சோவியமாக வந்தது. தமிழகத்துக்கு அது அருமையான முன்மாதிரி.

காற்றும் அதிலுள்ள ஈரமும் தூசியும் ஒளியைச் சிதறடிப்பதால் தொலைவிலுள்ளவை வெளிறி நீலம் பூசிக்கொள்கின்றன. திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்கால் ஏரிக்கரையில் விடியலில் நின்றால் இதைக் கண்ணாலேயே படிக்கலாம்: கரைமரம் கரும்பச்சை, தென்மேற்கே 814 மீட்டர் உயர அண்ணாமலை மலை சாம்பல் நீலம். நீர்வண்ணத்தில் மலையை முதலில் நீர்த்த வண்ணத்தால் தீட்டி, காய்ந்தபின் மரத்துக்கு வருவார்கள்.

கற்பவர் சறுக்குவது நீரில்தான். பிரதிபலிப்பு வெறும் தலைகீழ்ப் படியன்று. நீர்மட்டத்துக்குக் கீழிருந்து நோக்கிய காட்சி. ஆகவே கரைமரம் நேரில் மறைப்பதைவிட நீரில் மலையைக் கூடுதலாக மறைக்கும். வெளிச்சமானவை நீரில் சற்று மங்கும். இருண்டவை சற்று வெளிறும். சிற்றலை எழுந்தால் பிம்பம் செங்குத்தாக நீண்டு உடையும்.

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்தபின் வரும் மார்கழிக் காலைகளே வேங்கிக்கால் ஏரிக்கரையை வரைய ஏற்றவை.