அரைப்பேரும் ஒரு மணிநேரமும்: மலையகப் பெண்ணின் வேலைநாள்

வேலையை வேலையிடத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்பதுதான் மன அழுத்தம் குறைய வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை. நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களில் அதற்கு இடமில்லை. அங்கே தொழிலாளர் குடியிருக்கும் லயமும் தோட்டத்தினுடையது. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நடுவதற்கு முன்பே, கோப்பிக் காலத்திலேயே, உழைப்பவரின் இருப்பிடம் வேலைத்தலத்தோடு பிணைக்கப்பட்டுவிட்டது. ஆகவே கொழுந்தெடுக்கும் பெண்ணின் அழுத்தத்துக்கான காரணத்தை அவள் மனத்தில் தேடிப் பயனில்லை. அவளுடைய நாளில் நேரம் எப்படிப் பங்கிடப்படுகிறது, குறிப்பாக மதிய இடைவேளை என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விடியுமுன் பீலியில் தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பேர் பதியும் பிரட்டுக்குப் போய் மலையேறுகிறாள். பகல் கொழுந்து நிறுத்தபின் கிடைக்கும் ஒரு மணிநேரத்துக்கு ஓய்வு என்று பெயர். அந்நேரத்தில் அவள் சரிவிறங்கி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போய் அடுப்பை ஊதுகிறாள். நனைந்த படங்கு இஸ்தோப்பில் கிடக்கிறது. அட்டை கடித்த காலில் இரத்தம் இன்னும் காயவில்லை. இடுப்பில் பிள்ளை, கையில் அகப்பை. மறுபடி கூடையை மாட்டும்போது அவள் சாப்பிட்டிருந்தாளா என்பது செக்ரோல் பதிவேட்டில் ஏறுவதில்லை.

1984இல் தோட்டத் துறையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்கூலி சமமாக்கப்பட்டது. பெரிய வெற்றிதான், ஆனால் சமமானது கூலி மட்டுமே. கவ்வாத்தும் மருந்தடிப்பும் பெரும்பாலும் ஆண்களுக்கான கணக்கு வேலை, அதாவது அளவு குறித்துக் கொடுக்கும் வேலை. கணக்கு முடிந்தால் பிற்பகல் ஒன்று, இரண்டு மணிக்கே திரும்பலாம். கொழுந்தெடுப்பவளோ நான்கரை வரை மலையில் நின்று, அந்தி நிறுவைக்கும் காத்திருக்கிறாள். தோட்டப் பெண்களின் உழைப்பைப் பற்றி ரேச்சல் குரியன் 1982இல் எழுதிய ஆய்வு முதல் இந்தச் சுமை பேசப்பட்டே வருகிறது. இதை ஆண்களின் சோம்பலாக எழுதிவிடுவது நியாயமல்ல. மரக்கறித் துண்டிலும் வெளிக் கூலியிலும் பிற்பகலைக் கழிப்போர் பலர். ஆனாலும் இரவுச் சோறு அவள் வந்தபின்தான் உலையேறுகிறது.

வேலையின் கெடுபிடி கூடி, அதன்மேல் தொழிலாளிக்குள்ள கட்டுப்பாடு குறையும்போதுதான் அழுத்தம் கடுமையாகிறது என்று 1979இல் ஆய்வாளர் ராபர்ட் கராசெக் காட்டினார். தோட்ட மொழியில் அதை 'பேர்' என்ற ஒரே சொல்லால் விளக்கிவிடலாம். ஒரு நாளின் முழுச் சம்பளம் ஒரு பேர். பதினெட்டு, இருபது கிலோ என வைக்கப்பட்ட அளவு எட்டாவிட்டால் அரைப்பேர்தான். வறட்சியில் கொழுந்து வராததற்கும் அடைமழையில் கை விறைத்ததற்கும் அவள் பொறுப்பாகிறாள். நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாயாகவும் 2024இல் 1350 ரூபாயாகவும் உயர்ந்தது. சம்பளம் ஏறினால் கிலோவும் ஏறுகிறது என்பது தொழிலாளரின் நெடுநாள் முறைப்பாடு.

தேயிலைத் துண்டுகளைக் குடும்பங்களிடம் ஒப்படைத்து, கொழுந்தின் எடைக்கு விலை கொடுக்கும் முறையைக் கம்பனிகள் இன்று முன்வைக்கின்றன. நேரம் உங்கள் கையில் என்கிறார்கள். அந்தச் சுதந்திரத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையருகே ஒரு காலைப் பொழுது இருக்க முடிவது பெரிய காரியம். ஆனால் எடைக்கே விலை என்னும்போது உரம் போட்ட, களை பிடுங்கிய மணிநேரங்கள் கூலியின்றியே போகக்கூடும். அவற்றில் பெரும்பங்கு யார் தலையில் விழும் என்று மலையகத்தில் வளர்ந்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை.

ஆகவே கூட்டுப் பேச்சுகளில் சம்பளத்தோடு நேரமும் பேசப்பட வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்க்கு நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகளைச் சட்டம் தருகிறது. அந்த நேரத்துக்கு ஏற்பக் கிலோ அளவைக் குறைக்காத தோட்டத்தில், பால் கொடுத்த நேரம் அவளுடைய நிறையிலிருந்தே கழிகிறது. அந்தியில் தராசு அவளை அரைப்பேராக்கி அனுப்புகிறது.